ஐகோர்ட்டு வளாகத்தில் ஒரு சமாதி: சென்னை கவர்னர் யேல் வரலாறு

பண்பொழியில் ஒரு வரப்புத் தகராறு வருகிறது. முன்சீப் கோர்ட்டில் தீரவில்லை. அப்பீல் போகிறது. அங்கும் தீரவில்லை. அடுத்து எங்கே போவது?

1956-ம் ஆண்டுக்கு முன்பு மலையாளச் சீமைக்குப் போகவேண்டும். அப்போது செங்கோட்டை வட்டாரம் திருவாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி அது நம்மோடு இணைந்தது. அதன் பிறகு சென்னை ஐகோர்ட்டு. 2004-ம் ஆண்டில் மதுரையில் ஐகோர்ட்டு கிளை வந்தது. இப்போது மதுரையோடு பயணம் முடிந்துவிடுகிறது.

இடையில் இருந்த 48 ஆண்டுகளில், செங்கோட்டையில் ரெயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, பத்திரக் கட்டும் கையுமாகச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். சிவப்புக் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். வழக்கு தள்ளிப் போன நாட்களில் வளாகத்தைச் சுற்றி வந்திருப்பார்கள். அப்படிச் சுற்றியவர்கள் சட்டக் கல்லூரிப் பக்கம் கூர்மையாக உயர்ந்து நிற்கும் ஒரு கட்டுமானத்தைப் பார்த்திருக்கலாம்.

கோவில் அல்ல. கொடி மரமும் அல்ல. அது ஒரு சமாதி.

அதற்குள் இருவர் உறங்குகிறார்கள். ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய அதிகாரி. பெயர் ஜோசப் ஹின்மர்ஸ். மற்றவன் நான்கு வயது நிறையாத ஒரு சிறுவன். பெயர் டேவிட் யேல். சிறுவனின் தந்தை எலிஹு யேல், சென்னையின் கவர்னராக இருந்தவர். அமெரிக்காவில் உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது.

இந்தச் சமாதி இங்கே இருக்கலாமா, கூடாதா என்று 2023-ம் ஆண்டில் அதே ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. கடல் கடந்த நாட்டிலோ, யேலின் படத்தை மாட்டலாமா, கழற்றலாமா என்று தகராறு. இரண்டுக்கும் பின்னால் நிற்கும் சொல் ஒன்று உண்டு: அடிமை.

யார் இந்த யேல்? அவர் கதை பாஸ்டனில் தொடங்குகிறது.

பத்து பவுன் குமாஸ்தா

1649 ஏப்ரல் 5-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் எலிஹு யேல் பிறந்தார். அன்று அமெரிக்கா தனி நாடு அல்ல. இங்கிலாந்துக்காரர்கள் குடியேறிய கடலோரம். குழந்தைக்கு மூன்று வயது ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு அவர் அமெரிக்காவை எட்டிப் பார்க்கவே இல்லை! அங்கேதான் அவர் பெயர் இன்று நிலைத்து நிற்கிறது.

லண்டனில் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1672-ம் ஆண்டில் சென்னைக்கு வந்து இறங்கினார். வயது 23. சம்பளம், ஆண்டுக்குப் பத்து பவுன்!

அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் மீனவர்கள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களை ஏற்றி வருவார்கள். யேலும் அப்படித்தான் கரை சேர்ந்திருப்பார். கோட்டை எழும்பி முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

பத்து பவுன் சம்பளத்தில் ஒருவர் கோடீசுவரர் ஆவது எப்படி? வழி இருந்தது. கம்பெனி ஊழியர்கள் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே சொந்த வியாபாரம் செய்யலாம். சம்பளம் பேருக்குத்தான்; சம்பாத்தியம் வேறு. யேல் துணி வாங்கினார், விற்றார். பிறகு வைரத்தில் இறங்கினார். அன்று உலகத்துக்கு வைரம் கொடுத்த இடம் கோல்கொண்டா. அந்த வைரம் சென்னை வழியாகக் கப்பல் ஏறியது.

1680-ம் ஆண்டு கோட்டைக்குள் செயிண்ட் மேரி தேவாலயம் கட்டி முடித்தார்கள். திறந்த சில நாட்களில், நவம்பர் 4-ந் தேதி, அங்கே ஒரு திருமணம் நடந்தது. அந்தத் தேவாலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணம் அதுதான். மாப்பிள்ளை எலிஹு யேல். மணப்பெண் கேதரின். கேதரின் அதே ஆண்டில் கணவரை இழந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். இறந்துபோன அந்தக் கணவர்தான் நாம் மேலே பார்த்த ஜோசப் ஹின்மர்ஸ். இப்படித்தான் முதல் கணவரும், இரண்டாம் கணவரின் மகனும் ஒரே சமாதியில் சேர்ந்தார்கள்.

பீரங்கி அளந்த நிலம்

யேல் கெட்டிக்காரர். அதில் சந்தேகம் இல்லை. பறங்கிப்பேட்டை, கடலூர்ப் பக்கம் போய் மராட்டிய அதிகாரிகளிடம் பேசி, கம்பெனிக்கு வியாபார அனுமதி வாங்கினார். படிப்படியாக உயர்ந்து 1687 ஜூலை மாதம் கவர்னர் ஆனார். இந்தியாவிலேயே பழமையான சென்னை மாநகராட்சி அவர் காலத்தில், 1688 செப்டம்பர் 29-ந் தேதி தொடங்கியது.

1690-ம் ஆண்டில் கடலூர் அருகே ஒரு கோட்டையை மராட்டியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. அதற்கு செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். சுற்றியுள்ள நிலம் எவ்வளவு? அதற்கு ஒரு வேடிக்கையான அளவுகோல் வைத்திருந்தார்கள். கோட்டையிலிருந்து நாலாபுறமும் பீரங்கி சுடவேண்டும். குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம்! நல்ல பீரங்கியாகத் தேடிப் பிடித்துச் சுட்டார்கள். அப்படிப் போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. நிலத்தில் இருந்த குடியானவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிலத்தின் கதை இது. மனிதர்களின் கதை இதைவிட மோசம்.

பஞ்சத்தில் ஒரு வியாபாரம்

யேல் கவர்னரான 1687-ம் ஆண்டில் சென்னைச் சீமையில் கடும் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லை. இப்படிப்பட்ட காலத்தில் நம் நாட்டில் மனிதர்கள் தங்களையே விற்றுக்கொண்டார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள். வாங்குவதற்குக் கடற்கரையில் ஆள் காத்திருந்தது.

கம்பெனிக்கு முன்பே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களையும் தெலுங்கர்களையும் இலங்கைக்கும், இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கும் ஏற்றியிருந்தார்கள். இப்போது சென்னையிலும் அந்த வியாபாரம் களைகட்டியது. 1687 செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் சென்னையிலிருந்து குறைந்தது 665 பேர் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள்.

கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையும் என்ன செய்தார்கள்? பஞ்சத்தால் ஏழைகள் மலிந்து கிடக்கிறார்கள், விலையும் மலிவு, ஆகவே ஏற்றுமதி பெருகிவிட்டது என்று தங்கள் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதிவிட்டு வரி போட்டார்கள். ஏற்றப்படும் தலை ஒன்றுக்கு ஒரு வராகன் கம்பெனிக்குக் கட்டவேண்டும். அரிசி மூட்டைக்குச் சுங்கம் போடுவது போல!

அட்லாண்டிக் கடலில் செயிண்ட் ஹெலினா என்று ஒரு தீவு. பிற்காலத்தில் நெப்போலியனைச் சிறை வைத்த இடம். அது கம்பெனியின் கையில் இருந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்பவேண்டும் என்று முடிவு செய்த கூட்டத்தில் யேலும் உட்கார்ந்திருந்தார். திருட்டுக் குற்றத்துக்குச் சவுக்கடி கொடுத்து, சூடு போட்டு, அடிமையாகக் கப்பல் ஏற்றிய தண்டனைகளும் உண்டு.

அடிமை என்றதும் நமக்கு ஆப்பிரிக்கா நினைவுக்கு வருகிறது. பண்பொழிக்காரர் அவ்வளவு தூரம் போகவேண்டாம். திருவாங்கூரில் வயலோடு சேர்த்தும், வயல் இல்லாமலும், மனிதர்களை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள். 1836-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த நாட்டின் அடிமைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சர்க்காருக்கே சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள்! அடிமை முறை ஒழிந்தது என்று மகாராஜா உத்தரவு போட்டது 1855-ம் ஆண்டில்தான். யேல் செத்து 134 ஆண்டுகள் கழித்து. வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

ஜனவரி 25

665 பேர் கப்பல் ஏறி நான்கு மாதம் ஆயிற்று. கவர்னர் மாளிகையில் துக்கம் வந்தது. யேலின் ஒரே மகன் டேவிட் 1684 மே 15-ந் தேதி பிறந்தவன். 1688 ஜனவரி 25-ந் தேதி இறந்துவிட்டான். வெப்ப நாட்டுக் காய்ச்சல்களுக்கு வெள்ளைக்காரக் குழந்தைகள் நிறையப் பலியான காலம் அது. கோட்டைக்கு வெளியே, ஆங்கிலேயர்களின் இடுகாட்டில், ஹின்மர்சின் கூர்ங்கோபுரத்துக்குள் பிள்ளையை வைத்தார்கள். மறு ஆண்டு கேதரின் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் துயரம் யாருக்கும் புரியும். கவர்னர் ஆனால் என்ன, தகப்பன் தகப்பன்தானே!

அதே ஆண்டு மே மாதம் யேலின் சபை இன்னொரு உத்தரவு போட்டது. இனிச் சென்னையிலிருந்து அடிமைகளை ஏற்றக்கூடாது! மனம் மாறிவிட்டதா? காரணத்தையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். முந்திய ஆண்டில் ஒளரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்துவிட்டார். சென்னையைச் சுற்றியுள்ள நாடு மொகலாயர் கைக்குப் போயிற்று. எங்கள் குடிகளின் குழந்தைகளையும் வேலைக்காரர்களையும் திருடிக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று அவர்களிடமிருந்து கோட்டைக்குப் புகார் மேல் புகார். புதிய ராஜாங்கத்தைப் பகைத்துக்கொண்டு வியாபாரம் நடத்த முடியுமா? ஆகவே தடை வந்தது.

யேலுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இந்தத் தடையைக் காட்டுகிறார்கள். அடிமை வியாபாரம் கம்பெனியுடையது, அவருடையது அல்ல. நிறுத்தியவரே அவர்தான் என்கிறார்கள். நிறுத்திய உத்தரவு அவர் ஆட்சியில் வந்தது உண்மை. வரி போட்ட உத்தரவும் அவர் ஆட்சியில்தான் வந்தது. ஒன்றை மட்டும் அவர் கணக்கில் எழுதிவிட்டு, மற்றதைக் கம்பெனிக் கணக்கில் தள்ளுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்பது பொதியும் ஒரு பெயரும்

1692-ம் ஆண்டு யேலின் பதவி பறிபோனது. கம்பெனிப் பணத்தைச் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பினார், சபையினரோடு ஓயாத சண்டை என்று குற்றச்சாட்டுகள். கணக்குத் தீரும் வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று பிடித்து வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் சென்னையிலேயே கிடந்தார். 1699-ம் ஆண்டு கப்பல் ஏறியபோது அவரோடு பெரும் சொத்தும் ஏறியது.

லண்டனில் வைரம், ஓவியம், விலை உயர்ந்த சாமான்கள் என்று வீடு நிறைய வைத்துக்கொண்டு வாழ்ந்தார். அப்போது அமெரிக்காவில், கனெக்டிகட் என்ற இடத்தில், ஒரு சின்னக் கல்லூரி பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. காட்டன் மாதர் என்ற பாதிரியார் யேலுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கொடை கொடுத்தால், கல்லூரிக்கே உங்கள் பெயரை வைக்கலாம். பிள்ளைகளைவிடப் பெயர் சொல்ல அது நிலைக்கும் என்பது கடிதத்தின் சாரம். மகனை இழந்தவருக்கு இந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்!

1718-ம் ஆண்டு யேல் அனுப்பிய கொடை இதுதான்: ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. பொதிகளில் பெரும்பாலும் துணி. அவற்றில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. சரக்கை விற்றதில் 562 பவுன் வந்தது. கல்லூரிக்கு யேல் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய புகழ் வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா?

1721 ஜூலை 8-ந் தேதி லண்டனில் யேல் இறந்தார். வேல்ஸ் நாட்டில், அவர் முன்னோர்கள் வாழ்ந்த ரெக்ஸம் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம். கல்லறையில் பாட்டு ஒன்று உண்டு. நல்லது நிறையச் செய்தார், கொஞ்சம் கெட்டதும் செய்தார் என்ற பொருளில் அந்தக் கல்லே ஒப்புக்கொள்கிறது! எந்தக் கெட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

கழுத்தில் வெள்ளி வளையம்

அமெரிக்காவில் தகராறு கிளம்பியது ஒரு படத்தால்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஓவியக் கூடத்தில் 1719-ம் ஆண்டு வாக்கில் எழுதிய ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. யேலும் சில சீமான்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்புச் சிறுவன் மது ஊற்ற நிற்கிறான். நல்ல உடைதான். ஆனால் கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளி வளையம்! ஆராய்ச்சிக்காரர்கள் தேடியும் அந்தப் பையனின் பெயர் அகப்படவில்லை. சீமான்களின் பெயர்கள் கிடைத்தன.

யேலும் ஒரு வேலைக்காரச் சிறுவனும் உள்ள வேறொரு படத்தை, நிர்வாகக் குழு கூடும் அறையிலிருந்து 2007-ம் ஆண்டில் அகற்றினார்கள். ஓவியக் கூடத்துப் படத்தை 2020-ம் ஆண்டில் கழற்றினார்கள். அந்த இடத்தில், சிறுவனை மட்டும் வளையம் இல்லாமல் காட்டும் ஒரு புதிய ஓவியத்தைத் தொங்கவிட்டார்கள். 2022-ம் ஆண்டில் பழைய படம் திரும்ப வந்தது. இந்தத் தடவை பக்கத்தில் விளக்கம் எழுதி வைத்தார்கள். 2024 பிப்ரவரி மாதம் பல்கலைக்கழகம் அடிமைத்தனத்தோடு தனக்கிருந்த தொடர்புக்காக மன்னிப்புக் கேட்டது.

பிலடெல்பியா நகரிலும் இதுபோல் ஒரு விவகாரம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் அங்கே ஒரு வீட்டில் இருந்து ஆட்சி செய்தார். அந்த வீட்டில் ஒன்பது அடிமைகள் வேலை செய்தார்கள். நாட்டின் சுதந்திர மணியை வைக்கும் புதிய மண்டபம் அதை ஒட்டியே எழுந்தது. அடிமைகளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையாவது இருக்கவேண்டாமா என்று 2002-ம் ஆண்டில் ஜனங்கள் எழுந்தார்கள். எட்டு ஆண்டு வாதத்துக்குப் பிறகு, 2010-ம் ஆண்டில் நினைவிடம் திறந்தது. ஒன்பது பெயர்களையும் கல்லில் வெட்டினார்கள்.

சென்னைக்குத் திரும்புவோம்.

கார் நிறுத்த இடம் இல்லை

சமாதிக்கு ஆபத்து வந்தது புதிதல்ல. 1758-ம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். இடுகாட்டின் உயர்ந்த சமாதிகள் அவருடைய ஆட்களுக்கு நல்ல மறைவிடமாகப் போய்விட்டன. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர்கள் இடுகாட்டையே இடித்துத் தள்ளினார்கள்! கல்லறைக் கற்களைப் பெயர்த்து செயிண்ட் மேரி தேவாலயத்தின் முற்றத்தில் பரப்பினார்கள். தப்பிய ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று. பிறகு அந்த இடத்தில் ஐகோர்ட்டும் சட்டக் கல்லூரியும் எழும்பின. 1921-ம் ஆண்டு இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தார்கள். மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்தது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கட்டக்கூடாது என்பது சட்டம். ஐகோர்ட்டிலோ வக்கீல்கள் பெருகிவிட்டார்கள். வாகனம் நிறுத்த இடமில்லை. அடுக்கு மாடி நிறுத்தம் கட்டப் போனால் சமாதி குறுக்கே நின்றது. வழக்கு வந்தது. இதற்குப் பழமைச் சின்னம் என்ற தகுதி இல்லை, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று 2023-ம் ஆண்டு தனி நீதிபதி தீர்ப்பளித்தார். தொல்லியல் துறை அப்பீலுக்குப் போனது.

ஊரில் பேச்சு இரண்டு விதம். அடிமை வியாபாரம் நடத்திய கவர்னரின் வீட்டுச் சமாதியை நம் வரிப்பணத்தில் ஏன் காக்கவேண்டும் என்றார்கள் ஒரு சாரார். முந்நூறு ஆண்டுக்கு மேல் நின்ற கல்; பெயர்த்துவிட்டால் வரலாறும் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்றார்கள் மறு சாரார்.

எனக்கு இரண்டாவது பேச்சில் பாதி சம்மதம். செத்த குழந்தையோடு நமக்கு என்ன பகை? கார் நிறுத்துவதற்காகக் கல்லைப் பெயர்த்தால், யேல் என்ற பெயரோடு, கப்பல் ஏறியவர்களின் கதையும் அந்த இடத்தைவிட்டுப் போய்விடும். ஆனால் கல்லை அப்படியே மௌனமாக நிற்க விடுவதும் சரியில்லை. பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? 1687 செப்டம்பர், 665 பேர், தலைக்கு ஒரு வராகன் என்று நான்கு வரி போதும். பெயர்களை எழுத வழியில்லை. கம்பெனிப் புத்தகத்தில் எண்ணிக்கை இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை.

சமாதியின் கல்வெட்டு லத்தீன் மொழியில் இருக்கிறது. பண்பொழியிலிருந்து பத்திரக் கட்டோடு போனவருக்கு அது புரிந்திருக்காது. அவருடைய வக்கீலுக்கும் புரிந்திருக்காது. அதில் இருப்பது இவ்வளவுதான்: இங்கே டேவிட் கிடக்கிறான், செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் சென்னை நகருக்கும் கவர்னரான எலிஹு யேலின் மகன், பிறந்த நாள், இறந்த நாள்.